செவி தேர்ந்த இசை

நுழையும்முன்

"உனக்கு எந்தப் பாட்டுப் பிடிக்கும்?" என்று கேட்டால் எல்லாரும் உடனே விடை சொல்வர். "ஏன் பிடிக்கும்?" என்று கேட்டால் பலரும் சற்றே தயங்குவர். விருப்பம் தானாகத் தோன்றுவதுபோல் தெரிந்தாலும், அதன் பின்னே வீடு, தெரு, நண்பர், ஊர் எனப் பல காரணங்கள் உள்ளன. பிறர் சொல்லை நம்பி ஓர் இசையை ஏற்பதும் தள்ளுவதும் எளிது. தம் செவியால் கேட்டுத் தேர்வதோ பழகிப் பெற வேண்டிய திறன். அத்திறனைப் பற்றியது இப்பாடம்.

நீலசந்திராவின் ஓசைகள்

பெங்களூரு மாநகரில் வீடுகள் நெருங்கி அமைந்த பகுதிகளுள் ஒன்று நீலசந்திரா. பிழைப்புத் தேடித் தமிழகத்திலிருந்து வந்த குடும்பங்கள் பல, தலைமுறை தலைமுறையாக இங்கு வாழ்கின்றன. கன்னடம், உருது, தெலுங்கு பேசுவோரும் அதே தெருக்களில் வாழ்கின்றனர். ஆகவே, இங்கு வளரும் குழந்தையின் செவியில் விழும் இசை ஒரு மொழிக்குள் அடங்குவதில்லை.

விடியலில் பள்ளிவாசலின் தொழுகை அழைப்பு எழுகிறது. அருகிலுள்ள விவேக் நகர்க் குழந்தை இயேசு ஆலயத்தில் தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் வழிபாட்டுப் பாடல்கள் ஒலிக்கின்றன. ஆடி மாதம் வந்தால் அம்மன் பாடல்கள் ஒலிபெருக்கியில் முழங்குகின்றன. நவம்பர் முதல் நாளான கன்னட ராஜ்யோத்சவத்தன்று தெருமுனைகளில் கன்னடப் பாடல்கள் கேட்கின்றன. ஆட்டோவில் ஒரு மொழிப் பாட்டும், தேநீர்க் கடையில் இன்னொரு மொழிப் பாட்டும், அடுத்த வீட்டில் வேறொரு மொழிப் பாட்டும் ஒரே வேளையில் கேட்பதுண்டு.

இத்தனை இசைக்கு நடுவே வளர்வது ஒரு பேறு. ஆயினும், காதில் விழுவது வேறு, கேட்பது வேறு. மழை எல்லாப் பாத்திரங்களின்மேலும் பெய்கிறது. திறந்து வைத்த பாத்திரமே நிறைகிறது.

விருப்பம் எங்கிருந்து வருகிறது?

நாம் எந்த இசையை விரும்புகிறோம் என்பதைப் பெரும்பாலும் பழக்கமே முடிவு செய்கிறது. தாய் முணுமுணுத்த பாட்டும், தந்தை வேலைக்குக் கிளம்பும்போது வானொலியில் கேட்ட பாட்டும் நமக்குத் தெரியாமலே நம்முள் தங்கிவிடுகின்றன. பள்ளி வயதில் நண்பர்களின் விருப்பம் வந்து சேர்கிறது. "எல்லாரும் கேட்கிறார்கள்; நானும் கேட்க வேண்டும்" என்ற எண்ணம் அப்போது வலுப்பெறுகிறது.

இக்காலத்தில் திறன்பேசியும் இதில் பங்கு கொள்கிறது. ஒரு பாடலை இறுதிவரை கேட்கிறோமா, பாதியில் தாண்டிவிடுகிறோமா என்பதைப் பாடல் செயலி குறித்துக்கொள்கிறது. நம்மைப் போன்றே கேட்பவர்கள் வேறு எவற்றைக் கேட்டனர் என்பதையும் அது கணக்கில் கொள்கிறது. பின்னர் அவற்றை ஒத்த பாடல்களையே நம் முன் அடுக்குகிறது. இதனால் நமக்குப் பிடித்தவை மேலும் மேலும் கிடைக்கின்றன. ஆனால் நாம் ஒருமுறைகூடக் கேட்டிராதவை நம்மிடம் வந்து சேரும் வாய்ப்புக் குறைகிறது. ஒரே தெருவில் நாள்தோறும் நடப்பவர் அத்தெருவை நன்கு அறிவர். அடுத்த தெருவை அறியார்.

நிலமும் இசையும்

இசை விருப்பத்திற்கும் வாழும் இடத்திற்கும் உள்ள உறவைத் தமிழர் பண்டே உணர்ந்திருந்தனர். தொல்காப்பியர் ஒரு நிலத்தின் கருப்பொருள்களைக் கூறும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்துக் கூறினார். குறிஞ்சிக்குத் தொண்டகம், முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்திற்கு நெல்லரிகிணை, நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி என ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய பறைகள் வகுக்கப்பட்டன. உணவையும் மரத்தையும் போல இசையும் நிலத்தில் விளைவது என்பது அவர்தம் கருத்து.

அவ்வாறாயின், நிலம் விட்டு நிலம் பெயர்ந்தவரின் இசை என்னாகும்? அது அழிந்துவிடுவதில்லை, புதிய நிலத்தின் இசையோடு உறவாடுகிறது. இதற்குச் சான்றுகள் பல.

கர்நாடக இசை பயிலும் தமிழ்க் குழந்தை முதலில் பாடும் தொடக்கப் பயிற்சிகளை முறைப்படுத்தியவர் புரந்தரதாசர் என்பது மரபு. அவர் கன்னடத்தில் பாடல் இயற்றியவர். தமிழ்த் திரையில் ஜெமினி கணேசனுக்குப் பல பாடல்களைப் பாடிய பி. பி. ஸ்ரீநிவாஸ், கன்னடத் திரையில் நடிகர் ராஜ்குமாரின் பாடற்குரலாகவும் விளங்கினார். ஆகவே, ஒரே குரலைத் தமிழ்ப் பாட்டியும் பக்கத்து வீட்டுக் கன்னட அஜ்ஜியும் தத்தம் மொழியின் குரலாகப் போற்றக்கூடும். தேனி மாவட்டப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, தம் அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராகச் சென்று மேடைகளில் வாசித்தவர். பின்னர் கன்னடத் திரையிசையில் புகழ்பெற்ற ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராகப் பணியாற்றினார். அதன்பின் 1976இல் வெளிவந்த 'அன்னக்கிளி' படத்தின் வழியாகத் தமிழ்த் திரையில் இசையமைப்பாளராக அறிமுகமானார்.

மொழிகளுக்கு எல்லை உண்டு. இசை அந்த எல்லையைக் கடந்து போய்வந்துகொண்டே இருக்கிறது.

ஒரு கருவி, இரு பெயர்

தமிழகத்தில் பறை என்றும் கர்நாடகத்தில் தமட்டெ என்றும் வழங்கும் தோற்கருவிகள் உடன்பிறந்தவை போன்றவை. வட்டமான சட்டத்தின் ஒரு பக்கத்தில் தோலை இழுத்துக் கட்டிப் பறையைச் செய்வர். அதைத் தோளில் மாட்டி, இரு குச்சிகளால் அடிப்பர். ஒரு கையில் மெல்லிய, நீண்ட சிம்புக்குச்சியும் மறு கையில் தடித்த, குறுகிய அடிக்குச்சியும் இருக்கும். வாசிக்கத் தொடங்கும் முன்னர்ப் பறையைத் தீயில் காய்ச்சுவது வழக்கம். காற்றின் ஈரத்தால் தோல் தளரும். வெப்பம் பட்டால் ஈரம் நீங்கி இறுகும். தோல் இறுக இறுக ஓசை கூர்மை பெறும். இன்று செயற்கைத் தோலும் பயன்பாட்டில் உள்ளது.

'பறை' என்னும் சொல்லுக்குச் 'சொல்' என்றும் பொருள் உண்டு. மலையாளத்தில் இன்றும் சொல்வதைப் 'பறயுக' என்றே கூறுவர். செய்தி அறிவிக்கவும், ஊரைக் கூட்டவும், ஆபத்தை உணர்த்தவும், அறுவடையைக் கொண்டாடவும் பறை முழங்கியது. பிற்காலத்தில் அது சாவு வீட்டுக்கு உரியது என்று மட்டும் பலர் எண்ணலாயினர். பறையடிக்கும் பணியைச் சில சாதியினர்மேல் சுமத்திய சமூகம், அதே பணியைக் காரணம் காட்டி அவர்களை இழிவாக நடத்தியது. அடித்தவரைத் தாழ்த்தியோர் அடிக்கப்பட்ட கருவியையும் தாழ்த்தினர். அந்த இழிவு தோலிலும் இல்லை, ஓசையிலும் இல்லை. அது கேட்டவரின் மனத்தில் இருந்தது.

இந்நிலை மாறி வருகிறது. கர்நாடகத்தின் சிக்கபள்ளாப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த தமட்டெக் கலைஞர் முனிவெங்கடப்பாவுக்கு 2023ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. மதுரையைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025ஆம் ஆண்டு அதே விருது அறிவிக்கப்பட்டது. இரு மாநிலங்கள், இரு பெயர்கள்; நாட்டின் மதிப்பு ஒன்றே.

மாடியில் ஒரு மாலை

நீலசந்திராவில் உள்ள ஒரு வீட்டைக் கற்பனை செய்து பார்ப்போம். தாத்தா இளமையில் திருவண்ணாமலைப் பக்கத்துச் சிற்றூரில் பறை வாசித்தவர். பேத்தி ஏழாம் வகுப்பு மாணவி. பள்ளித் தோழியர் மூவர் அன்று வீட்டுக்கு வருவதாக இருந்தனர்.

"தாத்தா, சுவரில் மாட்டியிருக்கும் பறையை எடுத்து உள்ளே வைத்துவிடுங்களேன்."

"ஏன் கண்ணு, அது உனக்கு இடைஞ்சலாக இருக்கிறதா?"

"ஒருத்தி கிட்டார் கற்றுக்கொள்கிறாள், இன்னொருத்தி கீபோர்டு வாசிக்கிறாள். அவர்கள் பறையைப் பார்த்தால் சிரிப்பார்கள்."

"அவர்கள் இதைக் கேட்டிருக்கிறார்களா?"

"கேட்டிருக்க மாட்டார்கள், தாத்தா."

"ஒருமுறை கேட்கட்டும். பிடிக்கவில்லை என்றால் சொல்லட்டும். நான் வருந்த மாட்டேன். கேட்காமலே சொன்னால்தான் வருத்தம்."

பேத்திக்கு மறுமொழி தோன்றவில்லை. மாலையில் தோழியர் வந்தனர். மொட்டை மாடியில் பழைய தாள்களைக் கொளுத்தித் தாத்தா பறையைக் காய்ச்சினார். "எதற்குத் தாத்தா தீ?" என்று கிட்டார் கற்கும் சிறுமி கேட்டாள். "உன் கிட்டாரின் கம்பியை முறுக்கி நீ சுதி சேர்ப்பாய் அல்லவா? நான் தீயால் சேர்க்கிறேன்" என்றார் அவர். பின்னர் வாசித்தார். முதலில் மெதுவாகவும் பிறகு விரைவாகவும் அடி மாறிக்கொண்டே சென்றது. "தடித்த குச்சி சொல்வதை எல்லாரும் கேட்பார்கள். மெல்லிய குச்சி என்ன சொல்கிறது என்று கேளுங்கள்" என்றார்.

கன்னடம் பேசும் சிறுமி எழுந்து நின்று, "இது எங்கள் ஊர்த் தமட்டெ! திருவிழாவில் இதற்குத்தான் ஆடுவோம்" என்றாள். கிட்டார் கற்கும் சிறுமி அந்த அடியைத் தன் முழங்காலில் தட்டிப் பார்த்தாள். மூன்றாமவள் காதுகளைப் பொத்தியபடி, "எனக்கு மிகவும் உரக்கக் கேட்கிறது, தாத்தா, மெல்லிய இசைதான் எனக்குப் பிடிக்கும்" என்றாள். தாத்தா சிரித்துக்கொண்டே, "சரிதான் கண்ணு. நீ கேட்டுவிட்டுச் சொல்கிறாய்" என்றார்.

மூவரும் ஒரே இசையைக் கேட்டனர்; மூன்று விதமாக உணர்ந்தனர். மூவர் கருத்தும் ஏற்கத்தக்கவையே. ஏனெனில் மூவரும் தம் செவியால் கேட்டனர். கேளாமலே சிரித்திருந்தால் அது சுவை ஆகாது. பிறர் தந்த எண்ணத்தைத் திருப்பிச் சொல்வதாகவே ஆகும். பேத்தி அஞ்சியதும் அத்தகைய சிரிப்புக்குத்தான்.

நேரில் கேட்டல்

திறன்பேசியில் கேட்கும் பாடல் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி ஒலிக்கும். நேரில் கேட்கும் இசை அவ்வாறன்று. பாடுபவர் மூச்சு வாங்குவதும், தாளக்காரரைப் பார்த்துத் தலையசைப்பதும், அவையின் கைதட்டலுக்கேற்ப ஓர் அடியை நீட்டுவதும் நேரில்தான் புலப்படும். குழுவாக வாசிப்போர் ஒருவர் சொல்வதை மற்றவர் எப்படிக் கேட்கின்றனர் என்பதையும் காணலாம். நல்ல இசைஞர் யாவரும் முதலில் நல்ல கேட்போரே என்பது அப்போது விளங்கும்.

இதற்குப் பெங்களூரு ஏற்ற நகரம். ஸ்ரீ ராமசேவா மண்டலி 1939 முதல் நடத்தி வரும் இராமநவமி இசைவிழா, சாமராஜப்பேட்டைக் கோட்டை உயர்நிலைப்பள்ளித் திடலில் நடைபெறுகிறது. கப்பன் பூங்காவிலுள்ள பழைய பேண்டு மேடையில் ஆங்கிலேயர் காலத்தில் படைப்பிரிவுகளின் பேண்டு இசை ஒலித்தது. சைத்திர மாத முழுநிலவில் நடைபெறும் பெங்களூருக் கரக ஊர்வலம் மஸ்தான் தர்காவுக்கும் சென்று திரும்புகிறது. அல்சூர் ஏரி அருகே, 1950இல் தோன்றிய பெங்களூருத் தமிழ்ச் சங்கம் உள்ளது. இத்தகைய இடங்களுக்குப் பெற்றோருடன் சென்று வரலாம்.

இசைக்குழு என்றால் மேலைநாட்டுப் பாடல்களை அப்படியே பாடுவது என்று எண்ண வேண்டியதில்லை. தம் மண்ணின் பாடலைப் புதிய கருவிகளோடு சேர்த்துப் பாடும் குழுக்கள் உள்ளன. கர்நாடகத்தின் சிசுநாள ஷெரீஃப் (1819 – 1889) எளிய மக்கள் மொழியில் மெய்ப்பொருளைப் பாடிய கவிஞர். இசுலாமியரான அவருக்குக் குருவாக அமைந்தவர் கோவிந்த பட்டர் என்னும் அந்தணர். நம் சித்தர்களைப் போல, நாள்தோறும் காணும் பொருள்களைக் கொண்டே அவர் பெரிய உண்மைகளை உணர்த்தினார். அவர் பாடல்களைக் கிட்டார் ஒலிக்கும் மேடைக்குக் கொண்டுவந்தவர்களுள் ஒருவர் ரகு தீட்சித். இதனால் நூறு ஆண்டுகளுக்கு முந்தைய சொற்கள் இன்றைய இளைஞர் நாவில் வழங்குகின்றன.

சென்னையிலும் இத்தகைய முயற்சி நிகழ்ந்தது. வடசென்னை மக்களிடையே வளர்ந்த கானாப் பாட்டும் பறை போன்றே நெடுங்காலம் தாழ்வாக எண்ணப்பட்டது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு, 2018 ஜனவரியில் சென்னையில் முதல் நிகழ்ச்சியை நடத்தியது. கானா, பறை, கிட்டார், ராப் ஆகியவை ஒரே மேடையில் இணைந்தன. ஆண்களே மிகுதியாகப் பாடிவந்த கானாவை அக்குழுவில் பாடிய இசைவாணி, 2020இல் பிபிசி வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார்.

நல்ல பாடலைக் கண்டறியும் வழிகள்

புதிய பாடல் ஒன்றை உடனே தள்ளிவிடாமல் மூன்று முறை கேட்டுப் பார்த்தல் நன்று.

முதல் முறை தாளத்தைக் கேட்க வேண்டும். கையால் தட்டிப் பார்த்தால் அடி எங்கே விழுகிறது, எங்கே விலகுகிறது என்பது விளங்கும். இரண்டாம் முறை கருவிகளைக் கேட்க வேண்டும். தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி ஆகிய நான்கனுள் எவை ஒலிக்கின்றன என்று பிரித்தறிய முயலலாம். மூன்றாம் முறை சொற்களைக் கேட்க வேண்டும். பொருள் தெரியாத மொழியாயின், அம்மொழி அறிந்த நண்பரிடம் கேட்கலாம். பாட்டின் பொருளைக் கேட்கத் தொடங்கி நட்பு வளர்வதும் உண்டு.

மூன்று முறை கேட்டபின்னும் பிடிக்கவில்லை எனில், "எனக்குப் பிடிக்கவில்லை" என்று கூறலாம். "அது மோசம்" என்று கூறுவது வேறு. முன்னது தன் விருப்பத்தைக் கூறுகிறது. பின்னது பிறர் விருப்பத்தையும் பழிக்கிறது.

கண்டறிந்த பாடல்களுக்கென ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளலாம். பாடலின் பெயர், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர், அதை அறிமுகம் செய்தவர் ஆகிய விவரங்களை எழுதலாம். ஒரு பாடல் பிடித்தால் அதை எழுதியவரின் வேறு பாடல்களைத் தேடலாம். அதில் வாசித்தவர் வேறு எங்கு வாசித்தார் என்று பார்க்கலாம். இவ்வாறு ஒரு பாடல் பத்துப் பாடல்களுக்கு வழிகாட்டும்.

வீட்டுப் பெரியோரிடம் கேட்பது மற்றொரு வழி. நாற்று நடும்போதும், தாலாட்டும்போதும், கட்டடப் பணியில் சுமை தூக்கும்போதும் பாடிய பாடல்கள் பல பதிவாகாமலே உள்ளன. அவற்றை எந்தச் செயலியும் நம் முன் கொண்டுவந்து வைக்காது. ஊரை விட்டு வந்தபோது மூட்டையில் கட்ட முடியாத அவற்றை நினைவில் கட்டிக்கொண்டு வந்தவர்கள் நம் வீடுகளிலேயே உள்ளனர். கேட்பவர் இருக்கும்வரைதான் அப்பாடல்கள் இருக்கும்.

மதிப்பீடு

அ. சொல்லும் பொருளும்

தேர்தல் – ஆராய்ந்து கொள்ளுதல்
கருப்பொருள் – ஒரு நிலத்திற்கு உரிய உயிர்களும் பொருள்களும்
சிம்பு – மெல்லிய குச்சி
கஞ்சக்கருவி – உலோகத்தாலான தாளக்கருவி
இழிவு – தாழ்வு
அஜ்ஜி – பாட்டி (கன்னடச் சொல்)

ஆ. பிரித்து எழுதுக

1. தோற்கருவி
2. கண்டறிந்து
3. கருப்பொருள்
4. நெல்லரிகிணை

இ. கோடிட்ட இடத்தை நிரப்புக

1. பாலை நிலத்திற்கு உரிய பறை ________.
2. தமிழகப் பறையை ஒத்த கர்நாடகத் தோற்கருவி ________.
3. இளையராஜா தமிழ்த் திரையில் இசையமைப்பாளராக அறிமுகமான படம் ________.

ஈ. குறுவினா

1. பறையைத் தீயில் காய்ச்சுவது ஏன்?
2. 'பறை' என்னும் சொல்லின் மற்றொரு பொருள் யாது?
3. பாடல் செயலி நம் விருப்பத்தை எவ்வாறு அறிகிறது?

உ. சிறுவினா

1. "எனக்குப் பிடிக்கவில்லை", "அது மோசம்" – இவ்விரண்டு கூற்றுகளுக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. "அடித்தவரைத் தாழ்த்தியோர் அடிக்கப்பட்ட கருவியையும் தாழ்த்தினர்" – இக்கூற்றை விளக்குக.
3. பேத்தி பறையை மறைக்க எண்ணியது ஏன்? அவளுடைய இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

ஊ. செயல்பாடு

உங்கள் வீட்டிலோ தெருவிலோ உள்ள மூத்தவர் ஒருவரிடம், அவர் சிறுவயதில் கேட்ட பாடல் ஒன்றைப் பாடிக் காட்டுமாறு கேளுங்கள். அது எந்த ஊரில், எந்த வேளையில் பாடப்பட்டது என்பதைக் கேட்டு எழுதுங்கள். அடுத்த வகுப்பில், வேற்றுமொழி பேசும் நண்பர் ஒருவர் தரும் பாடலோடு அதை ஒப்பிட்டு ஐந்து தொடர்களில் பேசுங்கள்.